நிரை முதல் நிரல் வரை: வழித்தட உகப்பாக்கம் குறித்து ஒரு விளக்கம்

ஈப்போவில் இடைநிலைப்பள்ளி மாணவர் சிலர் ஒரு போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தனர். அவர்களுக்குக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வரைபடம் கொடுக்கப்பட்டிருந்தது. வாயிலில் புறப்பட்டு, குறிக்கப்பட்ட விளையாட்டுகள் அனைத்தையும் ஒருமுறை கண்டு, மிகக் குறைந்த நேரத்தில் வாயிலுக்கே திரும்பும் வழியை வகுக்க வேண்டும். கணக்கைச் செம்மையாகவே செய்திருந்தனர். அதைத் தமிழில் விளக்க முற்பட்டபோதுதான் தடுமாறினர். “ஐயா, இதற்கெல்லாம் தமிழில் சொல் இருக்கிறதா?” என என்னிடம் வினவினர். அவ்வினாவுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் இயல்பு

பத்து விளையாட்டுகளை எத்தனை வரிசைமுறைகளில் காணலாம்? முதலாவதற்குப் பத்துத் தெரிவுகள், அடுத்ததற்கு ஒன்பது, அதற்கடுத்ததற்கு எட்டு. இவ்வாறு பெருக்கிச் சென்றால் 3,628,800 வரிசைகள் கிடைக்கும். நொடிக்கு ஒன்றாக ஆராய்ந்தால் இரவுபகலாக 42 நாள்கள் ஆகும். விளையாட்டுகள் பதினைந்தாயின், 41,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். ஆகவே, எல்லா வழிகளையும் எண்ணிப் பார்ப்பது மனிதருக்கு இயலாது. எண்ணிக்கை மேலும் பெருகினால் கணினிக்கும் இயலாது.

அருகிலிருப்பதற்கே அடுத்துச் செல்வோம் என்பது எவர்க்கும் தோன்றும் எளிய விதி. அது எப்போதும் நன்மை தருவதில்லை. நேரான பாதை ஒன்றின் நடுவே வாயில் இருப்பதாகக் கொள்வோம். வாயிலுக்குக் கிழக்கே 100 மீட்டரிலும் 400 மீட்டரிலும், மேற்கே 150 மீட்டரிலும் 900 மீட்டரிலும் நான்கு விளையாட்டுகள் உள்ளன. அருகிலிருப்பதையே நாடுபவர் முதலில் கிழக்கே 100 மீட்டர் செல்வார்; பிறகு மேற்கே திரும்புவார்; மீண்டும் கிழக்கு, மீண்டும் மேற்கு. இறுதியில் 3,100 மீட்டர் நடந்திருப்பார். கிழக்குப் பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மேற்கே செல்பவருக்கு 2,600 மீட்டரே போதும். ஒவ்வோர் அடியிலும் சிறந்ததைத் தெரிந்தெடுத்தாலும், முழுப் பயணம் சிறந்ததாக அமையாமற் போகலாம் என்பதை இது காட்டுகிறது.

இச்சிக்கலைக் கணிதவியலார் ‘பயண வணிகர் சிக்கல்’ என்பர். 1954இல் டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியைக் கண்டு நிறுவினர். அதற்கு முன்பே வங்காளத்தில் சணல் பயிரிடப்பட்ட நிலப்பரப்பை மாதிரி ஆய்வால் மதிப்பிட்ட மகலனோபிஸ், களப்பணியாளர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் பயணச் செலவைக் கணக்கிட்டு 1940இல் எழுதினார். வயல்வெளியிலும் இக்கணக்கு வேர்கொண்டிருந்தது என்பது நாம் கருதத்தக்கது.

பூங்காவில் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. ஒரே விளையாட்டிற்குக் காலையில் ஐந்து நிமிடமும் நண்பகலில் நாற்பது நிமிடமும் காத்திருக்க நேரலாம். எனவே தொலைவு மட்டுமன்றி, எப்போது செல்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். கூட்டம் மிகும் விளையாட்டு தொலைவில் இருப்பினும், அதை முதலில் முடிப்பதே அறிவுடைமை ஆகலாம். கல்லூரி மாணவர்க்கான பன்னாட்டுக் கணித மாதிரியாக்கப் போட்டியில், கேளிக்கைப் பூங்காவின் காத்திருப்பைக் குறைக்கும் சீட்டு முறையை மேம்படுத்துமாறு 2004இல் ஒரு வினா கேட்கப்பட்டது.

தோட்டத்தில் இருந்த கணக்கு

மேற்கண்டவற்றை அம்மாணவர்களுக்கு விளக்கியபோது, என் நினைவு சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்திற்குச் சென்றது. இருள் பிரியுமுன் பெரட்டு முடிந்ததும் என் தாயார் தமக்குரிய நிரைக்குச் செல்வார். விடியற்காலையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே வெட்டும் வேலைக்குக் கால எல்லை உண்டு. ஒரு வரிசையில் மேலேறி அடுத்த வரிசையில் இறங்குவார். வெறுங்கையோடு திரும்பி நடக்கும் நடை அதில் இல்லை. முதலில் வெட்டிய மரத்தில் பால் முதலில் வடிந்து முடியும் என்பதால், மங்குகளிலிருந்து பால் எடுப்பதும் அதே வரிசையில்தான். பால் நிறைந்த வாளிகளைச் சுமந்து நடக்கும் தொலைவு குறைய வேண்டும் என்பதற்காகவே, கடைசி மரம் பாதையோரமாக அமையும்படி தொடங்குவார். தொலைவு, நேரம், சுமை ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே எடைபோட்டார். பள்ளிக்குச் செல்லாத அவரை எவரும் கணிதம் அறிந்தவர் என்று சொன்னதில்லை.

சொல்லின் வழி

மாணவர் தேடிய சொல் ‘உகப்பாக்கம்’. உகத்தல் என்பதற்கு விரும்புதல், மகிழ்தல் எனப் பொருள். தரப்பட்ட வரம்புகளுக்குள் நாம் விரும்பும் நிலையை எய்துவதே உகப்பாக்கம். இங்கு எது விருப்பம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். மிகக் குறைந்த நடையா, மிகக் குறைந்த காத்திருப்பா, மிகக் குறைந்த சுமையா? விருப்பம் மாறினால் விடையும் மாறும்.

தோட்டத்தார் ‘நெரை’ என்று ஒலித்த சொல் ‘நிரை’யே. இலை ‘எலை’ ஆவதும் விலை ‘வெலை’ ஆவதும் போன்ற ஒலிமாற்றம் இது, பிழையன்று. யாப்பில் நேர், நிரை என அசையைப் பகுப்பதிலும் இச்சொல் உண்டு. இதனோடு உறவுடைய ‘நிரல்’, ஒழுங்கைக் குறிப்பது. இன்று கணினிக்கு நாம் எழுதும் கட்டளைத் தொகுப்பிற்குப் பெயராயிற்று. பால்மரக் காட்டிலும் யாப்பிலும் கணினியிலும் ஒரே சொற்குடும்பம் வழங்குவதை மாணவர்க்குக் காட்டினால், கலைச்சொல் அவர்களுக்கு அயலாகத் தோன்றாது.

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நம் நாட்டில் 2003இல் நடைமுறைக்கு வந்து, பின்னர் கைவிடப்பட்டது. மொழி பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், செய்த கணக்கைத் தாய்மொழியில் விளக்கவியலாத மாணவர், அதை வீட்டிலுள்ள மூத்தோரோடு பகிரவும் இயலாதவராகிறார். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடமளித்துவிட்டன. நிரையில் நடந்தவர்களும் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வளாகத்தில் ஆறு இடங்களைக் குறித்து, இடைத்தொலைவுகளை மாணவரே அளக்கட்டும். ‘அருகிலிருப்பதற்குச் செல்’ என்ற விதியால் ஒரு வழியும், ஆராய்ந்து ஒரு வழியும் வகுத்து ஒப்பிடட்டும். பின்னர் வீட்டில் பால்மரம் வெட்டியவர் எவரேனும் இருந்தால், எந்த மரத்திலிருந்து தொடங்கினீர்கள், ஏன் என்று கேட்டு எழுதி வரட்டும். என்னிடம் வந்த மாணவர்களுக்கும் இதையே சொல்லி அனுப்பினேன். அவர்களுள் ஒருவர் தம் பாட்டி வரைந்து காட்டிய நிரையின் படத்தோடு மறுவாரம் வந்தார். அதில் பால் எடுத்து முடிக்கும் கடைசி மரம் பாதையோரத்தில் இருந்தது.