நடந்து காணத்தக்க ஊர்கள்

ஆண்டின் இறுதி நெருங்கி மார்கழி விடுமுறை வந்ததும் இல்லந்தோறும் ஒரு வினா எழுகின்றது: "இம்முறை எங்கே செல்லலாம்?" இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடை பெரும்பாலும் ஓர் ஊரின் பெயராகவே அமைந்துவிடுகின்றது. எவ்வூரின் புகழ் பெரிதோ அவ்வூருக்கு மோட்டார் வண்டி புறப்படும். வழியில் நான்கு இடங்களில் நிற்பார்கள். நின்ற இடமெல்லாம் படம் பிடிப்பார்கள். இரவில் களைத்து வீடு திரும்புவார்கள். ஒரு வாரம் சென்றபின், கண்டது யாதென்று கேட்டால், வண்டியின் யன்னல் ஒன்றே பலருக்கு நினைவில் நிற்கும்.

இதற்கு மாறாக, ஓரூரில் மூன்று நாள் தங்கி, அவ்வூரைக் கால்களால் அறிய விரும்புவோர் சிலர் எக்காலத்திலும் உண்டு. அத்தகையோருக்கு ஊரைத் தெரிந்தெடுக்கும் முறையே வேறு. அழகிய ஊர்களெல்லாம் நடப்பதற்கு ஏற்ற ஊர்கள் ஆகிவிடமாட்டா. எனவே, புறப்படுமுன் ஊரொன்றை மூன்று வகையாற் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, சுவாத்தியம். பகல் முழுவதும் வெயிலில் வாட்டாமலும் மழையில் அடைத்து வைக்காமலும் அவ்வூர் நடப்பவனை வெளியே விடுகின்றதா? இரண்டாவது, தூரம். தங்குமிடத்தின் வாசலிலிருந்து புறப்பட்டு, வாகனத்தின் உதவியின்றி, காலையிற் சென்று உச்சிப்பொழுதுக்குள் திரும்பத்தக்க இடங்கள் உண்டா? மூன்றாவது, பொருள். நடந்து சென்றடைந்த இடம், கண்ணுக்கு மட்டுமன்றிக் கருத்துக்கும் எதையாவது தருகின்றதா?

கண்டி நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அமைத்த வாவியைச் சுற்றி வருதல் ஒரு மணி நேர நடையாகும். நிழலும் நீரும் வரலாறும் ஒருங்கே அமைந்த வழி அது. தமிழகத்துக் கோடைக்கானலில், 1872ஆம் ஆண்டில் கோக்கர் என்னும் ஆங்கிலேய அதிகாரி மலைச்சரிவின் விளிம்பில் நடப்பதற்கென்றே ஒரு பாதை அமைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. இவ்வூர்களை அமைத்தோர், நடப்பவனை மனத்திற் கொண்டிருந்தனர் என்பது தெளிவு.

இனி, குளிர்காலம் என்பதன் பொருளையும் சிறிது ஆராய வேண்டும். வட ஐரோப்பாவில் வாழ்வோர் மார்கழி, தை மாதங்களில் வெயிலைத் தேடித் தெற்கே செல்வர். ஸ்பெயின் நாட்டின் செவில் நகரும், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரும், மதீராத் தீவில் மலை நீரைக் கொண்டு செல்லும் வாய்க்கால்களின் கரைப்பாதைகளும் அவர்களை அழைக்கின்றன. நமது நாட்டிலோ மக்கள் அதே காலத்திற் குளிரைத் தேடி மலையேறுகின்றனர். ஆயின், இங்கே குளிர்காலமும் மழைக்காலமும் தம்முட் கலந்தே வருகின்றன என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் இடைப்பருவ மழை. அதனைத் தொடர்ந்து மார்கழி முதல் மாசி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று. அக்காற்றை நேரே மார்பில் ஏற்கும் கிழக்குச் சரிவுகளில் மார்கழியில் மழை வலுத்திருக்கும். தை மாதத்தின் பிற்பகுதியில் வானம் வெளுக்கத் தொடங்கும். மாசியும் பங்குனியின் முற்பகுதியுமே நடப்போருக்கு உற்ற காலமாகும்.

இம்மூன்று சோதனைகளையும் நினைவிற் கொண்டு நோக்கினால், நுவரெலியாவைப் போன்று புகழ் பெறாத ஒரு மாவட்டம் முன்னே வந்து நிற்கின்றது. அதுவே மாத்தளை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி விடியற்காலைகளில் அங்கே புல்நுனிகளில் உறைபனி படிவதுண்டு. மாத்தளை நகரமோ நானூறு மீற்றருக்கும் குறைந்த உயரத்தில், மலைநாட்டுக்கும் வடக்கேயுள்ள வரண்ட சமவெளிக்கும் இடையே ஒரு வாயிற்படி போல் அமைந்திருக்கின்றது. காலையில் மெல்லிய குளிர், பகலில் தாங்கத்தக்க வெயில், மாலையிற் காற்று. கம்பளி ஆடையின்றியே நடக்கலாம்.

கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் உள்ள இந்நகருக்கு 1880ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. சுது கங்கை நகரின் ஓரமாகப் பாய்கின்றது. கிழக்கே தும்பறை மலைத்தொடர் மதில் போல் எழுந்து நிற்கின்றது. மடக்கிய கையின் விரல் மூட்டுகளைப் போல் தோன்றியமையால் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் கராம்பும் வளரும் தோட்டங்கள் நகரைச் சூழ்ந்துள்ளன. மழை ஓய்ந்த காலையில் அத்தோட்டங்களின் ஓரமாகச் செல்லும் ஒழுங்கைகளில் நடப்பவனுக்கு வாசனையே வழிகாட்டியாகும்.

நகரின் நடுவே ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் விளங்குகின்றது. அதன் இராசகோபுரம் 108 அடி உயரமானது. மாசி மகத்தையொட்டி இங்கே ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் இக்கோயில் பெருஞ்சேதம் அடைந்தது. பின்னர் அடியார்கள் அதனை மீண்டும் எழுப்பினர். இன்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பயணி, அதன் வண்ணங்களோடு அவ்வுறுதியையும் சேர்த்தே பார்த்தல் தகும்.

கோயிலிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நடந்தால் அலுவிகாரை என்னும் குகைக்கோயிலை அடையலாம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் படையெடுப்பும் நேர்ந்த காலத்தில், மனத்தில் மட்டும் வாழும் நூல் மனிதரோடு மடிந்துவிடும் என அஞ்சியே துறவியர் எழுத்தாணியைக் கையில் எடுத்தனர். நகருக்கும் விகாரைக்கும் இடைப்பட்ட பிரதான வீதியில் வாகன நெரிசல் மிகுதி. ஆதலின் காலை ஆறு மணிக்குப் புறப்படுதல் நன்று. தெற்கே அம்மன் கோயில், வடக்கே பௌத்த குகை. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மணி நேர நடை. நடப்பவனுக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு யாது?

அவ்வீதியே மேலும் வடக்கே செல்கின்றது. பஸ் வண்டியில் நாலந்தைச் சந்தியில் இறங்கி, கிளைவீதியில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நடந்தால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் தனித்து நிற்கும் கற்கோயிலொன்றைக் காணலாம். நாலந்தா கெடிகே என அதனை அழைப்பர். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. பௌத்த வழிபாட்டுக்குரிய அக்கட்டடம் பல்லவர் கோயில்களின் அமைப்பில் கருவறையும் மண்டபமும் கொண்டு விளங்குகின்றது. மாமல்லபுரத்தைக் கண்டவர் அதன் சாயலை இங்கே உடனே உணர்வர். மகாவலித் திட்டத்தின்கீழ் போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, நீரில் மூழ்காதவாறு அக்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, உயர்ந்த இடத்தில் மீண்டும் பொருத்தினர்.

இரண்டாவது தங்குமிடமாகத் தம்புள்ளையையோ சிகிரியாவையோ கொள்ளலாம். இவை வரண்ட வலயத்தைச் சேர்ந்தவை. ஏனைய மாதங்களில் வெயில் சுடும். தை, மாசியிலேயே காலைநடை இனிதாகும். தம்புள்ளைக் குன்றிலுள்ள ஐந்து குகைகளின் கூரையிலும் சுவரிலும் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் 1991ஆம் ஆண்டில் இதனை உலக மரபுரிமையாக ஏற்றது. இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இப்பன்கட்டுவ என்னும் இடத்திற் பெருங்கற்கால ஈமக்கல்லறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னிந்தியாவின் பெருங்கற்காலப் புதைகுழிகளோடு ஒப்புநோக்கத்தக்கவை அவை.

சிகிரியாக் குன்றைக் காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிற் கோட்டையாக்கினான். இன்று படியேறுவோர், தாமே முதன்முதல் வியந்தவர் என எண்ணுதல் கூடாது. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை இங்கே வந்த பயணிகள், கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலில் தங்கள் வியப்பைச் செய்யுளாகக் கீறிச் சென்றுள்ளனர். அவற்றுள் 685 செய்யுள்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தொலைவிலிருந்து வந்து, குன்றேறி, கண்டதை ஓரிரு வரியில் எழுதிவைத்த அம்மக்களே இத்தீவின் பழைய உல்லாசப் பயணிகள் எனலாம். ஆயின், அவர்களைப் பின்பற்றி இன்று சுவரிற் கீறுதல் குற்றமாகும். குறிப்பேடு ஒன்றைக் கொண்டு செல்வதே முறை.

மூன்றாவது வழி கிழக்கே மலைக்குச் செல்வது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை சென்று, அங்கிருந்து தேயிலை மலைகளினூடே ஏறும் வீதி, ரிவஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புரைக்கு இறங்குகின்றது. கணவாயில் வீசும் காற்று மனிதனை நிலைகுலையச் செய்யும். அதற்கப்பால் பிட்டவலைப் பத்தனை என்னும் புல்வெளியும், அதன் முடிவில் திடீரெனக் கீழிறங்கும் செங்குத்துப் பாறையும் உண்டு. 2000ஆம் ஆண்டிற் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட தும்பறை மலைத்தொடர், 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பகுதிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வழியை மார்கழியில் தெரிந்தெடுத்தல் விவேகமன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வாச் சூறாவளி, மலைநாட்டில் எத்துணை மண்சரிவுகளை விளைவித்தது என்பதை எவரும் மறந்திலர். கடுமழைக்குப் பின் அழகாகத் தோன்றும் சரிவே ஆபத்தான சரிவாகவும் இருக்கக்கூடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்து, வீதி திறந்துள்ளதா என ஊராரிடமும் விசாரித்த பின்னரே மலையேற வேண்டும். காட்டுப் பாதையில் ஊர் அறிந்த வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. ஈரப் புல்லில் அட்டைகள் உண்டு. சமவெளியில் சிகிரியாவின் சுற்றுப்புறத்தில் யானைகள் நடமாடுவதால், பொழுது சாயுமுன் திரும்புதல் இன்றியமையாதது. ஆகவே, மார்கழியில் மட்டுமே ஓய்வு கிடைப்போர் மாத்தளை நகரையும் அலுவிகாரையையும் நாலந்தையையும் தெரிந்தெடுப்பாராக. மாசி வரை பொறுக்கத்தக்கோர் மலைக்குச் செல்வாராக.

இனி, மூன்றாவது சோதனையாகிய பொருளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். மாத்தளைக்கு வரும் வடக்கு வீதி, விடுமுறைக்கு வந்தோர் முதன்முதல் நடந்த வீதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடு வழியே ஏறத்தாழ 150 மைல் தூரத்தை, மூட்டையும் பிள்ளைகளும் சுமந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்தே கடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் எண்ணற்றோர். காடு முடிந்து மலை தொடங்கும் இடத்தில் அவர்கள் கண்ட முதற்பெரும் ஊர் மாத்தளையே. அக்காலத்தில் அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியாகத் திரும்பியும் நடந்தனர்.

மலையகத் தமிழரின் வரலாறு இருநூறு ஆண்டுகளை எட்டியதையொட்டி, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி ஒன்று, முன்னோர் நடந்த சுவட்டிலே வந்து, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. பாதை ஒன்றே, முன்னோர் அதில் நடந்தது பிழைப்பைத் தேடி, வழித்தோன்றல்கள் நடந்தது அம்முன்னோரை நினைந்து, நாட்டில் தமக்குரிய இடத்தைக் கேட்டு.

இதனை அறிந்தபின் அவ்வீதியில் நடப்பவன் பார்வையில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. இரத்தோட்டை மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்களை அவன் காட்சிப்பொருளாகக் காணமாட்டான். அனுமதி கேளாமல் அவர்களைப் படம் பிடிக்கமாட்டான். லயத்தின் முற்றத்தைக் கடக்கும்போது வீட்டுக்குள் எட்டிப் பார்க்கமாட்டான். வணக்கம் கூறி வழி கேட்பான். அவன் ஓய்வுக்காக ஏறும் மலையில் அவர்கள் நாள்தோறும் உழைப்புக்காக ஏறுகின்றனர் என்பதை அவன் கால்களே அவனுக்கு உணர்த்திவிடும்.

எனவே, குளிர்காலத்தில் நடந்து காண ஓரூரைத் தெரிந்தெடுப்போர், எவ்வூர் அழகியது என்று மட்டும் வினவுதல் போதாது. எம்மாதத்தில், எத்துணைத் தூரம், யாருடைய வழியில் என்றும் வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடை கண்டு புறப்படுவோருக்கு வெகுதூரப் பயணம் தேவையில்லை. விடியற்காலையில் முத்துமாரியம்மன் கோயில் மணியோசை கேட்டு எழுந்து, அலுவிகாரை நோக்கி வைக்கும் முதலடியிலேயே அவர்களது விடுமுறை தொடங்கிவிடும்.