432-ஆ, 440-ஆ? அப்பாவுக்கு எந்தப் பாட்டைப் போடுவது?

அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்றே, உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். "432 ஹெர்ட்ஸ் இசை. இதைக் கேட்டா வலி மாத்திரையே தேவைப்படாது." கூடவே, 440 ஹெர்ட்ஸ் என்பது நாஜிகள் உலகத்தின் மேல் திணித்த கெட்ட அதிர்வாம். மாத்திரை விஷயம் என்பதால் சிரிச்சுட்டு விட முடியல. உட்கார்ந்து படித்தேன்.

முதலில், இந்த எண்கள் என்ன? பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்க ஒரு பொதுவான ஸ்வரம் வேண்டும். மேற்கத்திய இசையில் அது 'ஏ'. நம்ம ஆர்மோனியக் கணக்கில் ஆறு கட்டை. அது விநாடிக்கு 440 முறை அதிர வேண்டும் என்பது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். 1859-ல் பிரான்ஸ் 435 என்று சட்டமே போட்டது. 1884-ல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 432-ஐ ஆதரித்தார். 440-ஐ ஜெர்மனியின் ஷைப்லர் பரிந்துரைத்தது 1834-ல். அப்போ நாஜிக் கட்சியே கிடையாது! 1939-ல் லண்டனில் நடந்த சர்வதேச மாநாடு அதை ஏற்றது.

இன்னொன்று. ஹெர்ட்ஸ் என்பது விநாடிக் கணக்கு. ஒரு நாளை 86,400 விநாடியாகப் பிரித்தது மனிதர்கள். வேறு மாதிரி பிரித்திருந்தால் இதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். நம்ம கர்நாடக சங்கீதத்தில் நிலையான சுருதியே கிடையாது. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில். குரலுக்கு எது வசதியோ அதுதான் சட்ஜம்.

சரி, 432-ஐ யாராவது சோதித்தார்களா? 2019-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், 33 பேருக்கு ஒரே இசையை இரண்டு சுருதியிலும் போட்டார்கள். 432-ல் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஐந்து வரை குறைந்தது. சுவாரசியம்தான், ஆனால் 33 பேரை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆய்வாளர்களே அதை ஒரு முன்னோட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கும் இசைக்கும் நல்ல ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. 2015-ல் லான்செட் இதழ் 70-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தின் அளவும் குறைந்தது. கவனிக்கவும்: குறைந்தது, இல்லாமல் போகவில்லை. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறையவில்லை. எந்த வகை இசை என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

வேகம் முக்கியம் என்று இன்னொரு ஆய்வு காட்டுகிறது. 2006-ல் பெர்னார்டி குழுவினர் பார்த்தது: வேகமான இசைக்கு மூச்சும் இதயத்துடிப்பும் ஏறின. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, கேட்க ஆரம்பிக்கும் முன் இருந்ததை விடவும் உடல் தளர்ந்தது.

இதையெல்லாம் வைத்து நான் செய்தது எளிமையானது. "என்ன பாட்டுப்பா வேணும்?" என்று கேட்டேன். பழைய டி.எம்.எஸ். பாட்டு என்றார். அதில் மெதுவானதாகப் பொறுக்கி, நடுநடுவே இடைவெளி விட்டு, சத்தம் குறைவாக வைத்துக் கொடுத்தேன். மாத்திரையை மட்டும் டாக்டர் எழுதிய நேரத்துக்கு, எழுதிய அளவு கொடுத்தோம். உறவினரிடமும் இதைச் சொன்னேன். உங்களுக்கும் அந்த லிங்க் வந்தால், பாட்டைத் தாராளமாகக் கேளுங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க.