பூக்க மறுக்கும் கிழங்குகள்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூரில், மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று கடன் பெற்று 10 சென்ட் நிலத்தில் சம்பங்கி பயிரிட்டது. ஆனி மாதத்தில் கிழங்கு நட்டார்கள். மூன்று மாதங்களில் பூ வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஐப்பசி கழிந்தது, தையும் பிறந்தது. புல்லைப்போல் இலை அடர்ந்து நின்றதேயன்றி, ஒரு பூந்தண்டுகூட மேலெழவில்லை. ஒரு நாள் குழுவின் தலைவியார், "ஐயா, பூவை விற்றுத் தவணை கட்டலாம் என்றீர்களே, இந்த இலையை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார். அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. நீர் போதவில்லை என்று கருதி, மேலும் பாய்ச்சுமாறு கூறினேன். யூரியாவும் இடச் சொன்னேன். இவ்விரண்டும் தவறு என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. அந்த அனுபவத்தினின்றும், அதன் பிறகு தோட்டக்கலை வல்லுநர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சம்பங்கி என்று நாம் மாலை கட்டும் பூ, செண்பக மரத்தின் பூ அன்று. இது தரையிலிருந்து கிழங்கின்மூலம் வளர்வதால் நிலச்சம்பங்கி எனப்படும். இதன் தாயகம் மெக்சிகோ நாடு. கற்றாழையைப் போன்ற இலையையுடைய ஆனைக்கற்றாழையின் நெருங்கிய உறவு. ஒற்றை அடுக்குப் பூ மணம் மிக்கது. உதிரிப் பூவாக மாலைக்கு ஏற்றது. பல அடுக்குப் பூ தண்டோடு வெட்டிச் சாடியில் வைக்கப் பயன்படுவது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சிருங்கார், பிரஜ்வல் ஆகிய ஒற்றை அடுக்கு இரகங்களை இன்று பலர் பயிரிடுகிறார்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் வாசலிலும், பாரிமுனையின் பூக்கடைப் பகுதியிலும், கோயம்பேட்டிலும் இதை விற்பதற்குத் தடையில்லை. ஆகவே நம் பகுதி மகளிர் இதில் இறங்கியதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை கிழங்கில் இருந்தது.

கிழங்கு என்பது ஒரு குதிர். இலை வெயிலில் சமைக்கும் உணவு அதில் சேர்ந்துகொண்டே வரும். போதிய அளவு சேர்ந்த பின்னரே உள்ளிருக்கும் குருத்து பூங்குருத்தாக மாறும். குதிர் நிறையாதவரை செடி இலையை மட்டுமே விடும். என்ன உரம் இட்டாலும் பூக்காது. சம்பங்கிக்கு இந்த அளவு என்ன என்பதை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கிழங்கின் குறுக்களவு 2.5 முதல் 3 சென்டிமீட்டர், எடை 25 முதல் 30 கிராம் இருத்தல் வேண்டும். இதைச் சோதிக்க நுண்ணிய தராசு தேவையில்லை. ஒரு கிலோ நிறுத்து எண்ணிப் பாருங்கள். 33 முதல் 40 கிழங்கு இருந்தால் நல்ல விதை. எங்கள் குழுவினர் வாங்கியதில் மீதமிருந்த கிழங்கை நிறுத்தபோது, கிலோவுக்கு 70க்கு மேல் இருந்தது! சராசரி 14 கிராம்கூட இல்லை. வியாபாரி விலை மலிவு என்று சொன்னதன் பொருள் அப்போதுதான் தெரிந்தது. எண்ணிக்கைக்கு விலை பேசி வாங்கியதால் வந்த வினை இது.

10 சென்ட் நிலத்துக்கு, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் விட்டு நட்டால், ஏறத்தாழ 4,500 கிழங்கு பிடிக்கும். அதன் எடை 110 முதல் 135 கிலோ வரை வரவேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிழங்கு வாங்கச் செல்வது நலம்.

எடை சரியாக இருந்தாலும், நிலத்திலிருந்து எடுத்த கிழங்கை மறுநாளே நடலாகாது. அதற்கு ஓய்வு வேண்டும். இலை பழுத்ததும் நீரை நிறுத்தி, கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, சில நாட்களுக்கு ஒரு முறை புரட்டிவிட்டு, சுமார் 30 நாட்கள் வைத்திருந்து, அதன் பின்னரே நடவேண்டும். புரட்டாமல் குவித்துவைத்தால் அழுகும். நடும்போது ஆழமாகப் புதைப்பதும் கூடாது, 2.5 சென்டிமீட்டர் ஆழம் போதுமானது.

இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. சம்பங்கியில் ஒரு முறை பூத்த தாய்க்கிழங்கு மறுபடியும் பூப்பதில்லை. அதைச் சுற்றி முளைக்கும் சேய்க்கிழங்குகளே அடுத்த பூவைத் தருவன. இரண்டு மூன்று ஆண்டுகளில் இவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, எதுவும் பருக்காமல் நிற்கும். "முன்பு பூத்த தோட்டம், இப்போது இலைதான்" என்று விவசாயிகள் குறைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். தூரைத் தோண்டிப் பிரித்து, பெரியவற்றை நடவுக்கும், சிறியவற்றைத் தனிப் பாத்தியில் ஓர் ஆண்டு பருக்கவைப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

இனி நீரைப்பற்றிச் சொல்கிறேன். நம் பகுதிக்கே உரிய துன்பம் இது. 1960-ம் ஆண்டுகளிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி வட்டாரத்தில் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால், கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உவர், 1983-க்குள் சுமார் 9 கிலோமீட்டருக்குப் பரவியதாக ஆய்வுகள் கூறுகின்றன. உவர்நீரைப் பாய்ச்சினால் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் திணறும். மண் ஈரமாகவே இருக்கும், செடி தாகத்தோடு நிற்கும். இலை நுனி கருகுவதும், பாத்தியின் மேல் வெள்ளை பூப்பதும் இதன் அடையாளங்கள். அச்சமயம் அதே நீரை அடிக்கடி தெளிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சினால் உப்பு மேலும் மேலும் சேரும். நான் செய்யச் சொன்னது இதைத்தான். கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு நடவு செய்வதே முறை. ஏரி, குட்டை நீர் கிடைக்குமாயின், கிணற்று நீரோடு கலந்து பாய்ச்சலாம். மேட்டுப் பாத்தி அமைத்து, ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் இட்டால் மணற்பாங்கான நிலமும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காமல் வடியவும் மேட்டுப் பாத்தியே துணை.

யூரியாவைப்பற்றி ஒரு சொல். தழைச்சத்தை மட்டும் அள்ளி இட்டால் இலைதான் வளரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதற்கு ஈடாகச் செல்லவேண்டும். ஒரே தடவையில் இடாமல் மூன்றாகப் பிரித்து இடவேண்டும்.

அந்தக் குழுவினர் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். தோட்டத்தை அழிக்கவில்லை. அடுத்த கோடையில் நீரை நிறுத்தி, கிழங்கை எடுத்து, உலர்த்தி, முற்றத்தில் அமர்ந்து அளவு பார்த்துப் பிரித்தார்கள். மூன்றில் ஒரு பங்குதான் நடவுக்குத் தேறியது. அதை மழைநீர் நிற்கும் குட்டைக்கு அருகில் 3 சென்ட் நிலத்தில் நட்டார்கள். புரட்டாசியில் முதல் தண்டு வந்தது. தவணை பாக்கி முழுவதும் அந்த ஆண்டு தீர்ந்துவிடவில்லை. ஆயினும் கடன் கட்டுவதற்குப் பூ இருந்தது.

நிலம் இல்லாத இராயபுரம், திருவொற்றியூர் வீடுகளிலும் தொட்டியில் கிழங்குச் செடி வைத்துவிட்டு, பூக்கவில்லையே என்று ஏங்குபவர்கள் உண்டு. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு கலப்பை வடிவானது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இருக்கும் முளை ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. இரண்டு மூன்று மாதங்கள் உறங்கித்தான் எழும்; அதுவரை நீரூற்றி எழுப்ப முயல்வது கிழங்கை அழுகச்செய்யும். இதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. குழந்தைகளும் ஆடுகளும் அண்டாத இடத்தில் வைக்கவேண்டும். மழை லில்லிக்கோ சில வாரங்கள் காயவிட்டுப் பின் ஒரே நாளில் நன்கு நனைத்தால் போதும், சில நாட்களில் மொட்டு எழும். காஷ்மீரத்தில் பூக்கும் டுலிப் கிழங்கை இங்கே வாங்கி வைப்பது வீண். அதற்குப் பல வாரக் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழி அதற்குக் குளிர் ஆகாது.

சாமந்திக்குக் கிழங்கு இல்லை. எனினும் அதைப்பற்றிய முறையீடு நம் ஆலைப் பகுதியில் அதிகம். செடி தழைத்து நிற்கும், மொட்டு வராது. 1920-ம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், சில செடிகள் பகலின் நீளத்தை அளந்தே பூக்கின்றன என்று கண்டறிந்தார்கள். சாமந்தி அவ்வகையைச் சேர்ந்தது. இரவு நீண்டு, இடையறாது இருண்டிருந்தால்தான் அது மொட்டு விடும். தெருவிளக்கின் கீழோ, ஆலையின் இரவு விளக்கு விழும் சுவரோரத்திலோ வைத்த சாமந்திக்கு இரவு என்பதே இல்லை. இதற்காகப் பஞ்சாயத்து விளக்கை அணைக்கும்படி யாரும் மனுக் கொடுக்கவேண்டியதில்லை. தொட்டியை வீட்டின் பின்புறத்துக்கு மாற்றினால் போதும்.