பாரதியார் பல்கலை. துணைவேந்தர் நாற்காலி: 3 வருஷம் காலியா கிடக்க ஒரு உறுப்பினர்தான் காரணமா?

அந்தியூர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறவருக்கும் ஊட்டியில் பி.எஸ்சி. படிக்கிறவருக்கும் பட்டம் தருவது ஒரே இடம்தான்: கோவை மருதமலை சாலையில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகம். கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி என நாலு மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. இதன் துணைவேந்தர் பதவி 2022 அக்டோபரில் காலியானது. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் யாரும் நியமிக்கப்படவில்லை. ஏன்?

துணைவேந்தர் இல்லாட்டி என்ன ஆகும்?

வகுப்பும் தேர்வும் நடக்கும். உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையிலான ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனா அவருக்குச் சென்னையில் ஏற்கெனவே ஒரு முழுநேர வேலை இருக்கு. பேராசிரியர் நியமனம், புதிய துறை, சிண்டிகேட் முடிவுகள் போன்றவற்றை முன்னெடுக்க முழுநேரத் தலைமை வேணும். பட்டச் சான்றிதழில் வழக்கமாக இருக்க வேண்டிய கையெழுத்தும் துணைவேந்தருடையதுதான்.

சண்டை எதைப் பத்தி?

துணைவேந்தரைத் தேர்வு செய்ய முதலில் ஒரு தேடுதல் குழு அமைக்கணும். அந்தக் குழு பெயர்களைப் பரிந்துரைக்கும். வேந்தரான ஆளுநர் அதில் ஒருவரை நியமிப்பார்.

சிக்கல் குழுவிலேயே ஆரம்பிக்குது. 1981-ல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய பாரதியார் பல்கலை. சட்டத்தின்படி குழுவில் யுஜிசி பிரதிநிதிக்கு இடமில்லை. யுஜிசியின் 2018 விதிமுறையோ, ஒருவர் தங்கள் தலைவரால் நியமிக்கப்பட்டவராக இருக்கணும்னு சொல்லுது. 2023 செப்டம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி யுஜிசி பிரதிநிதியையும் சேர்த்துக் குழு அமைத்தார். மாநில அரசு ஏற்கவில்லை. 2024 ஜனவரியில் ஆளுநர் அதை வாபஸ் வாங்கினார். நாற்காலி காலியாகவே இருந்தது.

சட்டப்படி யார் பக்கம் நியாயம்?

அரசியலமைப்பே அதிகாரத்தைப் பிரித்துத்தான் வைத்திருக்கு. பல்கலைக்கழகத்தை உருவாக்குவது மாநிலப் பட்டியலில் வருது. உயர்கல்வித் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலில். மாநிலப் பட்டியலில் இருந்த ‘கல்வி’, 1976-ல் 42-வது திருத்தம் மூலம் பொதுப் பட்டியலுக்குப் போனது. அப்போ துணைவேந்தர் தேர்வு ‘தரம்’ சம்பந்தப்பட்டதா, ‘நிர்வாகம்’ சம்பந்தப்பட்டதா?

உச்ச நீதிமன்றமே இதில் இரண்டு விதமா பேசியிருக்கு. மதுரை காமராசர் பல்கலை. வழக்கில் (2015), மாநில அரசு ஏற்காத வரை யுஜிசி விதிமுறை மாநிலப் பல்கலை.யைக் கட்டாயப்படுத்தாது என்றது. கேரளத் தொழில்நுட்பப் பல்கலை. வழக்கில் (2022 அக்டோபர்), யுஜிசி விதிக்கு முரணாக நடந்த துணைவேந்தர் நியமனத்தை ரத்து செய்தது. தமிழக அரசுக்கு முதல் தீர்ப்பு பலம், ஆளுநர் தரப்புக்கு இரண்டாவது பலம்.

இரண்டு தரப்பு வாதத்திலும் விஷயம் இருக்கு. இதே பாரதியார் பல்கலை.யின் துணைவேந்தராக இருந்தவர் 2018 பிப்ரவரியில் லஞ்சப் புகாரில் கைதானார். வெளியிலிருந்து ஒரு கண் வேணும்னு சொல்வதை அதனால் ஒதுக்க முடியாது. அதேநேரம், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தானே உருவாக்கிய பல்கலை.க்குத் தலைவரைத் தேர்வு செய்யக் கூடாதா என்ற கேள்வியும் நியாயமானதே.

சட்டத்தையே மாத்தினாங்களே, என்ன ஆச்சு?

● 2022 ஏப்ரல்: துணைவேந்தரை மாநில அரசே நியமிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது.

● 2023 நவம்பர்: ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

● 2025 ஏப்ரல் 8: இது உள்ளிட்ட 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● 2025 மே 21: துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

● 2025 நவம்பர் 20: குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும்’ முறைக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்று கருத்துச் சொன்னது.

இதற்கு நடுவில், 2025 ஜனவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவு விதியை வெளியிட்டது. தேடுதல் குழு அமைக்கும் அதிகாரமே வேந்தருக்கு என்றது அது. விதியை மீறினால் பட்டப்படிப்பு நடத்தும் உரிமைக்கே சிக்கல் என்றும் சொன்னது. ஜனவரி 9-ல் தமிழக சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

அப்போ என் பட்டம் செல்லுமா?

செல்லும். யுஜிசி சட்டத்தின் 22-வது பிரிவின்படி, பட்டம் வழங்கும் உரிமை சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு உரியது, துணைவேந்தர் என்ற தனிநபருக்கு அல்ல. அவர் நாற்காலி காலியா இருப்பதால் பட்டம் செல்லாமப் போகாது.

ஆனா மூணு வருஷம்ங்கிறது ஒரு இளங்கலைப் படிப்போட மொத்தக் காலம். 2022-ல் சேர்ந்தவர்கள் 2025-ல் படிப்பையே முடிச்சுட்டாங்க. யாருக்கு அதிகாரம்னு நீதிமன்றம் ஒருநாள் முடிவு சொல்லும். அதுவரை இடைக்கால ஏற்பாடாக, இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒருவரை நியமிக்க வழி தேடலாம். வேண்டியது இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுறது மட்டும்தான்.