சீனப் போர்க்கலைக்கு வீட்டிலே ஒரு நூலகம்

ஒரு கலையைப் பயிலப் புகுவோர் நல்லாசிரியரை நாடுதல் இயல்பு. அக்கலையின் வரலாற்றை அறிய விழைவோர்க்கோ ஆசிரியர் ஒருவர் மட்டும் போதார். அவர் தம் குருவிடம் கேட்டதைக் கூறுவார். குருவும் தமக்கு முன்னோரிடம் கேட்டதையே கூறியிருப்பார். செவிவழி வரும் செய்தி தலைமுறைதோறும் சிறிது வளரும். அவ்வளர்ச்சியை அளந்து காட்ட வல்லவை, எழுதப்பெற்ற காலம் தெளிந்த நூல்களே. சீன நாட்டின் மரபுவழிப் போர்க்கலைகளைப் பொறுத்தவரை இவ்வுண்மையை முதலிலேயே மனங்கொள்ளுதல் நன்று.

இதனைப் பற்றி நம் சங்கத்து ஏட்டில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. வெளி மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளில் சிலர் தைஜியும் வூஷுவும் பயில்கின்றனர். 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம், காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தார் என்னும் கதையைத் தமிழர் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. "அது மெய்தானா?" என்று பிள்ளை கேட்டால், பெருமிதத்தோடு "ஆம்" என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், வேற்றுமொழித் தோழன் ஒருவன் சான்று கேட்கும்போது அப்பிள்ளை திகைத்து நிற்கக் கூடாது. அதற்காகவேனும் சில நூல்கள் நம் வீட்டில் இருத்தல் வேண்டும்.

நம்மில் பலர்க்கு வீடு சிறிது. வேலை மாற்றலும் அடிக்கடி வரும். ஆதலின் ஒரே பெட்டியில் அடங்கும் நூலகத்தையே ஈண்டுக் கருதுகிறேன். அதனை நான்கு பகுதிகளாக அமைக்கலாம்.

முதற்பகுதி பழைய மூலநூல்கள். முதல் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ஹான் வரலாற்று நூலின் நூற்பட்டியலில், கைப்போரைப் பற்றிய 6 இயல்கள் கொண்ட நூல் ஒன்றின் பெயர் காணப்படுகிறது. பெயர் எஞ்சியது, நூல் மறைந்தது. இன்று படங்களுடன் கிடைக்கும் சிறந்த மூலங்கள் மிங் காலத்தவை. கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட தளபதி சி ஜிகுவாங், 1560-ஐ ஒட்டி இயற்றிய 'ஜிசியாவோ சின்ஷு' என்னும் படைப்பயிற்சி நூலில், வெறுங்கைப் போரின் 32 நிலைகளை விளக்கினார். பெரும்போரில் இக்கலை நேரடியாக உதவாது. கைகால்களைப் பழக்கவே உதவும் என்று அவரே ஒளிக்காமல் கூறுகிறார். அடுத்து, செங் சோங்யூ என்பார் ஷாவோலின் மடத்தில் பல்லாண்டு தங்கிக் கற்ற கோற்போரைப் பற்றி, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூல். மூன்றாவது, மாவோ யுவான்யி 1621-இல் முடித்த 'வூபெய் ஜி'. இது 240 சுருள்கள் கொண்ட பெருந்தொகுதி. நமக்குப் போர்க்கலைப் பகுதிகளின் படிகளே போதும்.

இரண்டாம் பகுதி, 1911-க்குப் பின் குடியரசுக் காலத்தில் வெளிவந்த பயிற்சி நூல்கள். அதுவரை குருகுல எல்லைக்குள் இருந்த பல செய்திகள் அப்போதுதான் அச்சேறின. சுன் லுதாங் 1915-இல் வெளியிட்ட சிங்யிசுவான் நூல் இவ்வகையில் முன்னோடி. அவரே பின்னர்ப் பாகுவா, தைஜி ஆகிய கலைகளுக்கும் நூல் எழுதினார். சென் குடும்பத்துத் தைஜியைச் சென் சின் விளக்கிய பெருநூல், அவர் 1929-இல் மறைந்தபின் 1933-இல்தான் வெளிவந்தது. சீனம் அறியாதவரும் இவற்றின் படங்களால் மிகுந்த பயன் பெறலாம். மூலத்தை அப்படியே நிழற்படமாக எடுத்து அச்சிட்ட பதிப்புகளே விரும்பத்தக்கவை. புதிதாகக் கோத்து அச்சிட்டவற்றில் படங்கள் இடம் மாறவோ விடுபடவோ கூடும்.

மூன்றாம் பகுதி ஆராய்ச்சி நூல்கள். முதலிடம் தாங் ஹாவ் 1930-இல் வெளியிட்ட ஷாவோலின், வூதாங் பற்றிய ஆய்வுக்கு உரியது. வழக்கறிஞரான அவர், பழங்கதைகளை நீதிமன்றத்துச் சாட்சிகளைப் போல் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார் எனலாம். ஆங்கிலத்தில் மெயிர் ஷஹார் 2008-இல் எழுதிய ஷாவோலின் மட வரலாறும், பீட்டர் லார்ஜ் 2012-இல் எழுதிய பொது வரலாறும், பயிற்சி நூல்களைப் பற்றிக் கென்னடி, குவோ இருவரும் 2005-இல் எழுதிய நூலும் நல்ல துணைகள்.

நான்காம் பகுதி கருவிகள்: ஒரு சீன அகராதி, ஒரு வரலாற்று நிலப்படம், காலவரிசை அட்டவணை. ஒரே கலையைப் பழைய ஆங்கில நூல்கள் 'தாய் சி சுவான்' என்றும், 1958-இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறையைப் பின்பற்றும் நூல்கள் 'தைஜிசுவான்' என்றும் எழுதும். இரண்டும் வேறெனக் கொண்டு ஒரே பொருளுக்கு இருமுறை பணம் செலவிட்டோர் உளர். குடியரசுக் கால நூல்களின் ஆண்டெண்ணுடன் 1911-ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, குடியரசின் 4-ஆம் ஆண்டு 1915 ஆகும்.

நூல்களை வாங்கி அடுக்கினால் நூலகம் ஆகிவிடாது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை எழுதுக. இயற்றியவர் யார், இயற்றிய ஆண்டு எது, அச்சேறிய ஆண்டு எது, தன் தொன்மையைப் பற்றி அந்நூலே கூறிக்கொள்வது யாது என்னும் நான்கையும் அதில் குறிக்க. நான்காவது விடை ஏனைய விடைகளோடு முரண்படும் இடத்தில்தான் உண்மையான ஆராய்ச்சி தொடங்குகிறது.

இம்முறையைப் போதிதருமர் கதையிலேயே செலுத்திப் பார்ப்போம். ஷாவோலின் மடம் 495-ஐ ஒட்டி நிறுவப்பெற்றது. அது பா-தோ என்று சீனர் அழைத்த வேறோர் இந்தியத் துறவிக்காக எழுந்தது. மடத்திலுள்ள 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 621-இல் நிகழ்ந்த போரில் துறவியர் தாங் அரசுக்கு உதவியதைச் சான்றுடன் உரைக்கிறது. போதிதருமர் போர் கற்பித்தார் என்று அதில் இல்லை. செங் சோங்யூவின் நூலோ, மடத்துக் கோற்போருக்கு மூலவர் கின்னர அரசர் என்னும் மடத்து வழக்கைத் தருகிறது. நம் புராணங்களில் யாழோடு நிற்கும் கின்னரர் அங்கே கோலோடு நிற்கிறார்! அந்நாளில் அத்துறவியர் தம் போர்க்கலைக்குப் போதிதருமரைத் தேடவில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் அவர் பெயர் எங்கிருந்து வந்தது? 'யீஜின் ஜிங்' என்னும் தசைப்பயிற்சி நூல், தன்னை அவர் அருளியதாகக் கூறிக்கொள்கிறது. அதன் முன்னுரை 628-இல் தளபதி லீ ஜிங் எழுதியதாம். ஆனால், நூலைத் தமக்கு அளித்தவர் என்று அம்முன்னுரை குறிப்பிடும் வீரர், தாங் காலத்தின் பிற்பகுதியில் எழுந்த ஒரு கதையில் வரும் கற்பனை மாந்தர்! நூலோ 1624-ஐச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. அட்டையில் நூல் கூறிக்கொள்ளும் ஆண்டும் மெய்யான ஆண்டும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு விலகி நிற்பதைக் காணலாம்.

அவர் பிறந்த நாட்டைப் பற்றியும் பழஞ்சான்றுகள் ஒத்துரைக்கவில்லை. 547-இல் எழுந்த லோயாங் நகர நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. அதே நூற்றாண்டில் தான்லின் என்பார் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மைந்தர் என்கிறார். 1004-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று தரும் நாட்டுப் பெயரைச் சிலர் காஞ்சியாகக் கொள்வர். தென்னாட்டவர் என்பதற்குப் பழஞ்சான்று உண்டு. போர்க்கலை கற்பித்தார் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. பிள்ளைக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே.

இவ்விடையால் நமக்கு இழப்பு யாது? தியான நெறியின் முதல் ஆசானாகச் சீனமும் ஜப்பானும் போற்றும் பெரியாருக்கு மற்போர் வீரர் என்னும் பட்டம் வேண்டுவதில்லை. சான்றில்லாப் பெருமை முதற்கேள்வியிலேயே தளரும். சான்றுள்ள சிறு செய்தி எந்த அவையிலும் நிற்கும். ஆதலின், கலையார்வமுள்ள அன்பர்கள் ஒரு நூலும் ஓர் அட்டையுமாக இன்றே தொடங்குக. அட்டை எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுக. கேட்டதையெல்லாம் நம்பாது, நாடித் தெளியும் பழக்கம் அவர்க்கு எழுத்தோடு எழுத்தாகக் கைவரும்.