மாடி அறையில் ஒரு மாணவன்: அட்வான்ஸுக்குக் காகிதம் எங்கே?

பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி. கவரப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. இடையிடையே கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை. சென்னை சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில் ஓடினாலும், வெளியூர்ப் பிள்ளைகளும் ஆலைக்குப் பயிற்சிக்கு வருபவர்களும் கடைசியில் தேடுவது, கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருக்கும் ஒரு மாடி அறையைத்தான்.

அங்கே எல்லாமே வாய்மொழிதான். "ராத்திரி ஒன்பதுக்கு கேட் பூட்டிடுவோம் தம்பி, அசைவம் சமைக்கக் கூடாது, மோட்டார் காலைல ஒரு தடவைதான் போடுவோம்." கரண்டுக்குத் தனியாக சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டோ பத்தோ. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் மாடிப்படி ஏறுவதே இல்லை! காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை கழியும். சுவரில் ஆணிகூட அடிக்காதவனுக்கும் அதே கணக்குதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். அறைக்குள் வருவதற்கு வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சட்டம் 'தனியாக வாடகைக்கு விடப்படும்' கட்டடத்துக்கோ அதன் பகுதிக்கோதான். ஹாலில் ஒரு கட்டில், மூன்று வேளை சாப்பாடு என்று தங்கும் பேயிங் கெஸ்ட் வாடகைதாரரா? டெல்லி இம்பீரியல் ஹோட்டலின் இரண்டு அறைகளில் முடிதிருத்தகம் நடத்தியவரின் வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சுப்பா ராவ் சொன்ன அளவுகோல் இன்றும் நிற்கிறது: காகிதத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் இரு தரப்பின் நோக்கம் என்ன, இடம் ஒருவருடைய முழு அனுபவத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிப் பூட்டும் தனி வாசலும் உள்ள மாடி அறைக்காரருக்கு வாதாட இடமுண்டு. ஹால் கட்டில்காரர் பாடு திண்டாட்டம்தான்.

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டுமல்ல. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்காரரோடு சமையலறையைப் பகிர்ந்து தங்கும் மாணவரை, நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும், நீதிமன்றம் போகாமலே வெளியே அனுப்பலாம்.

சிப்காட் பக்கம் இன்னொரு ஓட்டை உண்டு. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்கு நிறுவனமே தன் கட்டடத்தில் தரும் குடியிருப்பு 2017 சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. வேலை போனால் கூரையும் போகும். பெண் பிள்ளைகளைச் சேர்த்து விடுதியாகவே நடத்தும் வீடுகளுக்கோ 2014-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. சேர்க்கும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்?

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் இல்லை. 'எழுதிக் கொடுத்தால் காலி செய்ய மாட்டான்' என்ற பழைய பயம் அவர்களுக்கு. உண்மையில் காலக்கெடு போட்ட, பதிவு செய்த ஒப்பந்தம்தான் அவர்களுக்கும் பாதுகாப்பு.

முதலாம் ஆண்டு மாணவருக்குப் பல நேரம் 17 வயதுதான். அவர் போடும் கையெழுத்து ஒப்பந்தமாகச் செல்லாது. ஆகவே கல்லூரியில் சேர்க்க வரும் அப்பாக்களே, அம்மாக்களே, உங்கள் பெயரில் ஒப்பந்தம் எழுதுங்கள். கரண்டு கட்டணம், பெயின்ட் செலவு, கேட் பூட்டும் நேரம் மூன்றையும் அதில் சேருங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.