ரிமோட் ஜெட் விமானம்: வாங்கித் தருமுன் பெற்றோர் அறிய வேண்டியவை

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு காணொளி வலம் வரும். சாம்பல் நிறப் போர் விமானம் ஒன்று ஓடுபாதையில் சீறி ஓடும், மேலெழும்பும், சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்டு வானத்தைக் கிழித்துப் போகும். அது தரையிறங்கி நின்ற பிறகு அருகே ஒருவர் நடந்து வருவார். விமானத்தின் முதுகு அவருடைய இடுப்பளவுகூட இருக்காது. அப்போதுதான் அது ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானம் என்று நமக்குப் புரியும். அதைப் பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "அத்தா, இது துபாயில கிடைக்குமாம், வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று போனில் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கேட்கும் பிள்ளைக்கும் வாங்கித் தர நினைக்கும் தகப்பனுக்கும் அது என்ன பொருள் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. பேட்டரி போட்டுப் பறக்கவிடும் பொம்மையின் கொஞ்சம் பெரிய வடிவம் என்றே நினைக்கிறார்கள்.

ரிமோட் ஜெட் விமானங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் குழாய் போன்ற கூட்டுக்குள் ஒரு மின்விசிறி இருக்கும். பேட்டரியில் மோட்டார் சுழலும், விசிறி காற்றைப் பின்னால் தள்ளும். வெளித்தோற்றம் ஜெட் போலவே இருந்தாலும் உள்ளே நெருப்பு கிடையாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் பறந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். இரண்டாவது வகையில் உள்ளே இருப்பது அசல் ஜெட் எஞ்சின். மண்ணெண்ணெயை எரித்து இயங்கும் டர்பைன். பயணிகள் விமானத்தின் இறக்கையில் தொங்கும் எஞ்சின் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ, இதுவும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. காணொளிகளில் நாம் கேட்கும் அந்த ஊளைச் சத்தம் இதனுடையதுதான்.

ஒரு நடுத்தர மாதிரி டர்பைனைக் கையில் எடுத்தால் சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். நீளம் ஒரு சாண் அளவு. அது தரும் தள்ளுவிசையோ பத்துக் கிலோ. முன்பக்கம் உள்ள கம்ப்ரசர் சக்கரம் காற்றை இழுத்து அழுத்துகிறது. நடுவில் உள்ள அறையில் எரிபொருள் கலந்து எரிகிறது. வெளியேறும் சூடான வாயு பின்பக்கச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மிச்ச வேகத்தோடு வெளியே பாய்ந்து விமானத்தை முன்னே தள்ளுகிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் இருப்பதால் பின்சக்கரம் சுழன்றால் முன்சக்கரமும் சுழலும். அசையும் பாகம் என்று பார்த்தால் அந்தத் தண்டும் இரு சக்கரங்களும் மட்டுமே.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. சிரமம் சுழலும் வேகத்தில் இருக்கிறது. காற்று எவ்வளவு அழுத்தப்படும் என்பதைச் சக்கரத்தின் விளிம்பு வேகம் தீர்மானிக்கிறது. சக்கரம் சிறியதாக ஆக ஆக, அதே விளிம்பு வேகத்தைப் பெற அது இன்னும் அதிகச் சுற்றுகள் சுற்றியாக வேண்டும். அதனால்தான் இந்தக் குட்டி எஞ்சின்கள் நிமிடத்துக்கு 1,50,000 சுற்று வரை போகின்றன. ஒரு விநாடிக்கு 2,500 சுற்று! உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கரத்தின் விளிம்பு ஒலியின் வேகத்தைத் தாண்டி ஓடுகிறது. வெளியேறும் வாயுவின் வெப்பம் 500 முதல் 700 டிகிரி செல்சியஸ். அந்த வேகத்தைத் தாங்கும் பேரிங்குகளில் பீங்கான் குண்டுகளைப் போடுகிறார்கள். அவற்றுக்குத் தனியே எண்ணெய் ஊற்றும் வசதி இல்லை. எரிபொருளிலேயே ஐந்து சதவீதம் வரை டர்பைன் எண்ணெய் கலந்துவிடுகிறார்கள், பேரிங்குகளுக்குப் போய்ச் சேருவது அந்தக் கலவையில் ஒரு பங்குதான். எண்ணெய் கலக்க மறந்து ஒருமுறை ஓட்டினால் பேரிங் போய்விடும்.

சிறிய எஞ்சின் என்பதால் சிக்கனமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இன்றைய பயணிகள் விமான எஞ்சின் காற்றை நாற்பது மடங்கு அளவுக்கு அழுத்துகிறது. இதில் சுமார் மூன்று மடங்குதான். ஆகவே எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 400 மில்லி வரை போகும். மூன்று லிட்டர் ஊற்றினால் எட்டு, பத்து நிமிடம் பறக்கலாம்.

இந்தக் குட்டி எஞ்சின் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1983-ல் இங்கிலாந்தில் ஜெர்ரி ஜாக்மேன் என்பவர் புரொப்பேன் வாயுவில் ஓடும் டர்பைன் பொருத்திய மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அதன்பின் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங், வீட்டுப் பட்டறையில் ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடிய டர்பைன் ஒன்றை உருவாக்கினார். அதன் கம்ப்ரசர் சக்கரம் ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. ஆம், மரம்தான். சிதறாமல் இருக்க அதன்மேல் கார்பன் இழையைச் சுற்றினார். கம்ப்ரசர் பக்கம் வெப்பம் குறைவு என்பதால் மரம் தாக்குப்பிடித்தது. அந்த வடிவமைப்பைப் பூட்டிவைக்காமல் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அடுத்து வந்த தாமஸ் காம்ப்ஸ், கார்களின் டர்போ சார்ஜரில் உள்ள 66 மில்லிமீட்டர் சக்கரத்தை எடுத்துப் பயன்படுத்தினார். இப்படி மெனக்கெட்டவர்கள் போட்ட பாதையில்தான் இன்றைய ஜெட்கேட் போன்ற நிறுவனங்கள் நிற்கின்றன. 2008 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் இவ் ரோஸி, முதுகில் இறக்கையைக் கட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தாரே, அந்த இறக்கையின் கீழே இருந்தவை இத்தகைய நான்கு ஜெட்கேட் எஞ்சின்கள்தான்.

எஞ்சினை வாங்கியதும் விமானம் தயாராகிவிடாது. உடற்பகுதி பால்சா மரம், ஒட்டுப்பலகை, கண்ணாடி இழை, கார்பன் இழை ஆகியவற்றால் ஆனது. எடை எங்கே குவிகிறது என்பது இதில் உயிர்நாடியான விஷயம். மூன்று லிட்டர் எரிபொருள் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. பறக்கப் பறக்க அது தீர்ந்துகொண்டே வரும். தொட்டியை மூக்குப் பக்கமோ வால் பக்கமோ வைத்தால் பாதி வழியில் விமானத்தின் சமநிலை கெட்டுவிடும். அதனால் எடை மையத்துக்கு அருகிலேயே தொட்டியை அமைக்கிறார்கள்.

எரிபொருள் குழாயில் ஒரு காற்றுக்குமிழி போனாலும் எஞ்சின் அணைந்துவிடலாம். அணைந்தால் வானில் வைத்து மீண்டும் பற்றவைப்பதை நம்ப முடியாது, கனமான அந்த விமானத்தை அப்படியே சறுக்கவிட்டு இறக்க வேண்டியதுதான். ஆகவே பெரிய தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில், குமிழிகளைப் பிடித்துவைக்கும் சிறு தொட்டி ஒன்றும் உண்டு. எஞ்சினுக்கென்று ஒரு சிறு கணினி இருக்கிறது. தண்டின் வேகத்தையும் வாயுவின் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே பம்பு எவ்வளவு எரிபொருள் தர வேண்டும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. விமானத்தை ஓட்டுபவர் குச்சியை முன்னே தள்ளினாலும் அது ஒரு வேண்டுகோள்தான். இறக்கை, வால் ஆகியவற்றின் ஒவ்வொரு அசையும் பகுதிக்கும் தனித்தனி சர்வோ மோட்டார்கள். ரிசீவருக்குப் பொதுவாக இரண்டு பேட்டரிகள், ஒன்று செத்தால் மற்றொன்று தாங்க. ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் எஞ்சின் இரண்டே விநாடிகளில் தானாக அணைய வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துவைப்பது பல கழகங்களில் கட்டாயம்.

இனி பறக்கவிடும் கதைக்கு வருவோம். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு விநாடியில் எழுபது மீட்டர் கடக்கும். இரண்டு மீட்டர் இறக்கை உள்ள விமானம் 300 மீட்டர் தள்ளிப் போய்விட்டால், கையை நீட்டிப் பிடித்த மிளகின் அளவுக்குத்தான் தெரியும். அந்தத் தொலைவுக்குப் போக அதற்கு நான்கு விநாடி போதும். அது நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் இடம் வலம் மாறிவிடும். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இந்தக் குழப்பம் இல்லை, தரையில் நிற்பவருக்கு உண்டு.

தரையிறக்குவது இன்னும் கடினம். புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலைத் தள்ளினால் உடனே இழுவிசை வரும். விசிறிக்காற்று வாலின் மேல் வீசுவதால், மெதுவாகப் போகும்போதும் வால் சொன்ன பேச்சைக் கேட்கும். டர்பைனில் இரண்டும் இல்லை. மெதுவேகத்திலிருந்து முழு வேகத்துக்கு எஞ்சின் ஏறி வர மூன்று முதல் ஐந்து விநாடி ஆகும். அதற்குள் விமானம் நூறு மீட்டர் கடந்திருக்கும். 'ஓடுபாதை வரை எட்டாது போலிருக்கிறதே' என்று ஐம்பது மீட்டருக்கு முன்னால் உணர்ந்தால் அது காலம் கடந்த ஞானம். இறங்கலாமா, மறுபடி ஒரு சுற்று வரலாமா என்ற முடிவை வெகு முன்னரே எடுக்கப் பழகியிருக்க வேண்டும். இறங்கி நின்ற பிறகும் வேலை முடியாது. எஞ்சின் அணைந்தாலும் அதன் கணினி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு தண்டைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே குளிர்ந்த காற்றை இழுக்கும். வெப்பம் நூறு டிகிரிக்குக் கீழ் வரும்வரை பேட்டரியைக் கழற்றக் கூடாது.

ஆபத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் கலைப் பிரிவில் படித்தவன், ஆனால் இது பள்ளிக்கூட இயற்பியல்தான். பதினைந்து கிலோ ஜெட் 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் ஆற்றல், ஆளோடு சேர்த்து இருநூறு கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிள் மணிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். போதாததற்கு அதன் வயிற்றில் எரிபொருளும் இருக்கிறது. காய்ந்த புல்லில் விழுந்தால் தீப்பிடிக்கும். எனவேதான் அமெரிக்காவின் மாதிரி விமானக் கழகமான ஏ.எம்.ஏ., சாதாரண ரிமோட் விமானம் ஓட்டும் உறுப்பினர் டர்பைன் ஓட்ட வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும் என்கிறது. வேகத்துக்கும் மணிக்கு 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. சாதனைக்காக ஓட்டியவர்கள் இதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். 2017-ல் ஜெர்மனியின் நீல்ஸ் ஹெர்ப்ரிஷ் தொட்டது மணிக்கு 749 கிலோமீட்டர். எஞ்சினைப் பற்றவைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டில் டர்பைன் சக்கரத்தின் நேர்க்கோட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. சக்கரம் சிதறினால் துண்டுகள் பறப்பது அந்தத் திசையில்தான். வேடிக்கை பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் கவனிக்க வேண்டியது தனியே இருக்கிறது. உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட் ஹவருக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் என்றால் பயணியோடு எடுத்துப் போகவே முடியாது. மின்விசிறி ஜெட்டுகளின் பேட்டரி பல இந்த 100-ஐ எளிதில் தாண்டிவிடும். எரிபொருள் வாடை அடிக்கும், பயன்படுத்திய எஞ்சினையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இந்தியாவில் 2022 பிப்ரவரி முதல், முழுமையாகத் தயாரான ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ரிமோட்டில் பறக்கும் எதையும் சுங்க அதிகாரி அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

பறக்கவிடும் இடத்துக்கும் சட்டம் உண்டு. 2021-ன் ட்ரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாத, பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஓட்டப்படும் விமானங்களை 'மாதிரி' என்ற தனி வகையில் வைத்து, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு தருகின்றன. ஆனால் வான்வெளி வரைபடத்துக்கு விலக்கு இல்லை. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரைதான். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அதுவே 200 அடியாகக் குறைகிறது. நம் கடலோர ஊர்களில் திடலுக்கும் கடற்கரைக்கும் பஞ்சமில்லை என்று நினைக்கலாம். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதை மறந்துவிட வேண்டாம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. "தெரியாமல் விட்டுவிட்டான்" என்ற சமாதானம் காவல் நிலையத்தில் எடுபடாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். டர்பைன் எஞ்சின் மட்டுமே ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலை. உடற்பகுதி, சர்வோக்கள், சக்கர அமைப்பு, ரிமோட் எல்லாம் சேர்ந்தால் சிறிய கார் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும். போதாததற்கு 25 மணி நேரம் ஓடியதும் எஞ்சினைப் பராமரிப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு இதை வாங்கித் தருவது, என்னைக் கேட்டால், ஓட்டத் தெரியாதவனிடம் பேருந்துச் சாவியைக் கொடுப்பது போன்றது.

அதற்காக ஆசையையே கிள்ளி எறிந்துவிடவும் வேண்டாம். காற்றியக்கம், மின்னணுவியல், உலோகவியல் மூன்றையும் கையால் தொட்டுக் கற்றுத்தரும் பொழுதுபோக்கு வேறு எளிதில் கிடைக்காது. முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். அசல் ரிமோட்டையே கேபிளில் இணைத்து ஓட்டலாம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பாத அளவுக்குக் கை பழகட்டும். அடுத்து, உறுதியான நுரையால் செய்த, முன்னால் புரொப்பெல்லர் உள்ள ஒரு கிலோ எடைப் பயிற்சி விமானம். இறக்கை மேலே இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அது தானே நிமிர்ந்துகொள்ளும். பிறகு இறக்கை கீழே உள்ளது, அதன்பின் மின்விசிறி ஜெட். டர்பைன் இவற்றுக்கெல்லாம் பிறகு, பல ஆண்டுகள் கழித்து, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது.

முதல் விமானத்தை உங்கள் மகன் முதல் வாரத்திலேயே தரையில் குத்துவான். திட்ட வேண்டாம். நுரை விமானத்தின் உடைந்த மூக்கைப் பசை போட்டு ஒட்டி, எடை மையத்தை மறுபடி சரிபார்த்து, அன்று மாலையே பறக்கவிட்டுவிடலாம்.